முகம் சுளிக்க வைக்கும் தீனிச் சேர்க்கைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் வீட்டிலிருந்தபடியே முறுக்கு, தட்டை, காராசேவு, அதிரசம் ஆகியவற்றைச் செய்து விற்று வருகிறேன். பலகாரம் வாங்க வருகிறவர்களில் பலர் பணத்தைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்புவதில்லை. சற்றுத் தயங்கி நின்று, தாம் எதையோ எதனுடனோ சேர்த்துச் சாப்பிடுவதாகவும் வீட்டில் எல்லோரும் கேலி செய்வதாகவும் சொல்லி, அது தவறா என்று கேட்பார்கள். ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப வந்ததால், அவரவர் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து, நான் படித்தும் செய்து பார்த்தும் அறிந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நாக்கு விரும்பிக் கேட்கும் சேர்க்கைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தெளிவான காரணம் உண்டு என்பதே என் எண்ணம். எச்சரிக்கை தேவைப்படும் இடங்களும் சில உள்ளன. அவற்றைப் பிற்பகுதியில் சொல்லியிருக்கிறேன்.

மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் எதுக்கு? சும்மா சாப்பிட்டா ஆகாதா?

சும்மாவும் சாப்பிடலாம். ஆனால் மெரினா கடற்கரையில் கிளிமூக்கு மாங்காயைப் பூப்போலக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுக்கிறவர் மாங்காயின் சுவையையே மாற்றிவிடுகிறார். உப்பு தன் சுவையைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை, கசப்பையும் அடக்குகிறது. பால் பிரெஸ்லின், கேரி பீச்சம்ப் என்னும் இரு ஆய்வாளர்கள் 1997இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த நீரில் உப்புச் சேர்ந்ததும் கசப்பு ஒடுங்கியது, அதுவரை கசப்பின் அடியில் அமுங்கிக் கிடந்த இனிப்பு மேலே வந்தது. மாங்காய்த் தோலை ஒட்டியுள்ள கசப்பும் துவர்ப்பும் உப்புப் பட்டதும் தணிந்து, உள்ளிருக்கும் சிறிதளவு இனிப்பு நமக்குத் தெரிவது இப்படித்தான்.

மிளகாயின் காரம் உண்மையில் சுவை அன்று, அது எரிச்சல் உணர்வு. அந்த எரிச்சலும் மாங்காயின் புளிப்பும் சேர்ந்து எச்சிலை ஊறச் செய்கின்றன. கொய்யா, அன்னாசி, அரிநெல்லி ஆகியவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். சித்திரை முதல் நாளன்று மாங்காய், வெல்லம், வேப்பம்பூ, உப்பு, மிளகாய் அனைத்தையும் ஒரே பச்சடியில் சேர்த்து உண்ணும் நமக்கு இது புதிதும் அன்று. அளவில் மட்டும் கவனம் வேண்டும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மொத்த உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிதான்.

தயிர்சாதத்துக்கு மாம்பழம் தொட்டுக்கிட்டா புகுந்த வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரி பார்க்குறாங்க. நான்தான் தப்பா?

இல்லை. இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. தயிர்சாதத்தில் புளிப்பும் உப்பும் கொழுப்பும் இருக்கின்றன, மாம்பழத்தில் இனிப்பும் மணமும் இருக்கின்றன. புளிப்பு இனிப்பைத் திகட்டவிடாமல் பிடித்து வைக்கிறது, தயிரின் கொழுப்பு மாம்பழத்தின் மணத்தை வாயில் நெடுநேரம் தங்க வைக்கிறது. நாகர்கோவில் பக்கமும் கேரளத்திலும் பழுத்த மாம்பழத்தையே வேகவைத்து, தயிர் சேர்த்து மாம்பழப் புளிசேரி வைக்கிறார்கள். அது விருந்து இலையில் பரிமாறப்படும் உணவு. குழம்பாக வைத்தால் மரியாதையும், தட்டோரத்தில் துண்டாக வைத்தால் கேலியும் கிடைப்பது பழக்கத்தின் வேறுபாடே அன்றி வேறு எதுவும் இல்லை.

செய்முறையில் ஒன்று சொல்கிறேன். நார் அதிகமுள்ள பழத்தைத் தவிர்த்து, பங்கனபள்ளி போல் சதை கெட்டியான பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாளிப்பில் பெருங்காயத்தைக் குறைத்துவிடுங்கள், இல்லையென்றால் பழத்தின் மணத்தை அது மறைத்துவிடும். மாம்பழக் காலம் முடிந்த பிறகு பூவன் பழம் அந்த வேலையைச் செய்யும்.

மிக்சரை டீயில போட்டு ஸ்பூனால எடுத்துச் சாப்பிடுவேன். இது எனக்கு மட்டும் உள்ள பைத்தியமா?

உங்களைப் போல் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முறுக்கை காபியில் நனைப்பவர்களும் இதே கூட்டம்தான். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால், குடித்த பிறகு வாய் உலர்ந்து ஒட்டுவதுபோல் இருக்கும். எண்ணெய்ப் பலகாரத்தின் கொழுப்போ வாயில் வழவழப்பாகப் படியும். ஒன்று மற்றொன்றைத் துடைத்துச் சமன் செய்கிறது. தேநீரும் வடையும் பிரிக்க முடியாத இணையாக ஆனதற்கும் இதுவே காரணம். அத்துடன் மிக்சரின் உப்பு, மாங்காய்க் கேள்வியில் சொன்னபடி, தேநீரின் கசப்பையும் குறைக்கிறது.

ஒரே தொல்லை, பலகாரம் ஊறி நொதநொதத்துப் போவது. ஓமப்பொடி நொடியில் கரைந்துவிடும், கடலைமாவு கெட்டியாகப் பிசைந்த காராசேவு சற்றுத் தாங்கும். ஒரு கைப்பிடியை மொத்தமாகக் கொட்டாமல், ஒரு கரண்டிக்கு வேண்டியதை மட்டும் போட்டு உடனே எடுத்துவிட்டால் வெளியே நனைந்தும் உள்ளே மொறுமொறுவென்றும் இருக்கும்.

தோசைக்கும் பூரிக்கும் சர்க்கரை தொட்டுக்கிறது குழந்தைங்க பழக்கம்தானே?

இல்லை. அடைக்கு வெல்லமும் வெண்ணெயும், இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும், புட்டுக்கு வாழைப்பழமும் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு வருபவையே. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும், மாவுப்பொருளோடு சர்க்கரையும் சேர்வதை மனத்தில் கொண்டு, அடைக்கு அவியலை எடுத்துக்கொள்வது நல்லது.

இனிப்பு சாப்பிட்ட உடனே ஏதாவது காரம் கேட்குது. காரம் சாப்பிட்டா மறுபடி இனிப்பு கேட்குது. இது எங்கே போய் நிற்கும்?

தமிழில் "தெவிட்டுதல்" என்று ஓர் அருமையான சொல் இருக்கிறது. வயிறு நிறைவது வேறு, தெவிட்டுவது வேறு. ஒரே சுவையைத் தொடர்ந்து உண்ணும்போது அந்தச் சுவையின் மீது மட்டும் விருப்பம் குறைந்து, மற்றச் சுவைகளின் மீதுள்ள விருப்பம் அப்படியே இருக்கும். பார்பரா ரோல்ஸ் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதனைகள் மூலம் காட்டினார்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் இனிப்பு, அடுத்துக் காரம், கடைசியில் காபி என்று வரிசையாகக் கொடுத்து வந்த நம் வீடுகளுக்கு இது அனுபவமாகவே தெரிந்திருந்தது. கேசரியின் தெவிட்டலை பஜ்ஜி நீக்குகிறது, பஜ்ஜியின் எண்ணெய்ப் பிசுக்கை காபி கழுவுகிறது.

எங்கே போய் நிற்கும் என்பதுதான் முக்கியமான பகுதி. சுவை மாறிக்கொண்டே இருந்தால், ஒரே பலகாரத்தை உண்ணும்போது சாப்பிடுவதைவிட அதிகமாகச் சாப்பிட்டுவிடுவோம். எனவே இரண்டையும் முன்கூட்டியே சிறு கிண்ணங்களில் எடுத்து வைத்துக்கொண்டு, டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டு உட்காருங்கள். பலகாரம் விற்கிற நானே இதைச் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கிறது. என் பலகாரத்தை நீங்கள் பல ஆண்டுகள் நலமாக இருந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் என் விருப்பம்.

மிளகாய் பஜ்ஜியோட சூடா டீ குடிச்சா காரம் ரெண்டு மடங்கா ஏறுதே?

ஏறத்தான் செய்யும். மிளகாயின் காரப்பொருள் நாக்கில் எந்த ஏற்பியைத் தூண்டுகிறதோ, அதே ஏற்பியைத்தான் ஏறக்குறைய 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடும் தூண்டுகிறது. 1997இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டவர் டேவிட் ஜூலியஸ். 2021இல் அவர் பெற்ற நோபல் பரிசு இந்த ஆய்வையும் உள்ளடக்கியது. காரமும் சூடும் ஒரே கதவைத் தட்டுவதால், நம் மூளை இரண்டையும் எரிச்சல் என்றே புரிந்துகொள்கிறது.

தண்ணீர் குடிப்பதால் பெரிய பயன் இல்லை, ஏனெனில் காரப்பொருள் நீரில் எளிதில் கரையாது. அது கொழுப்பில் கரையும், பாலிலுள்ள புரதமும் அதைப் பற்றிக்கொள்ளும். ஆகவே குளிர்ந்த பால், தயிர் ஆகியவை உண்மையாகவே காரத்தைத் தணிக்கும்.

நெல்லிக்காய் சாப்பிட்டுத் தண்ணி குடிச்சா இனிக்குது. ஒரு இலையை மென்னா சர்க்கரையே இனிக்காதுன்னு சொல்றாங்க, அதுவும் உண்மையா?

இரண்டும் உண்மை. நெல்லிக்காயின் புளிப்புக்கும் துவர்ப்புக்கும் நாக்கு பழகிவிட்ட நிலையில் அவற்றைத் தண்ணீர் கழுவி அகற்றும்போது, அந்த மாற்றத்தையே நாம் இனிப்பாக உணர்கிறோம். தண்ணீரில் இனிப்பு எதுவும் சேர்வதில்லை. நீங்கள் கேள்விப்பட்ட இலை சிறுகுறிஞ்சான். அதிலுள்ள பொருள் நாக்கின் இனிப்பு ஏற்பிகளைச் சிறிது நேரம் மறித்துவிடுவதால், அதை மென்றபின் சர்க்கரை மணல்போல் நெறநெறக்குமே தவிர இனிக்காது. அரை மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் சுவை திரும்பிவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம், சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடக்கூடும்.

சேலத்துல தட்டைக்கு நடுவுல பீட்ரூட் வச்சுத் தர்றாங்களே, அது என்ன சேர்க்கை?

அதற்குத் தட்டுவடை செட் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கும் இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவில் சட்னி தடவி, துருவிய கேரட், பீட்ரூட், நறுக்கிய வெங்காயம் ஆகியவற்றை வைத்துக் கொடுப்பார்கள். மொறுமொறுப்பான ஒன்றை ஈரமான ஒன்றோடு சேர்க்கலாகாது என்பது பலகாரம் செய்பவர்களின் பாலபாடம். சேலத்துக்காரர்கள் அந்தப் பாடத்தை மீறவில்லை, நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்ட பிறகுதான் கட்டுவார்கள், கட்டியவுடன் வாயில் போட வேண்டும். பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்தால் வழியிலேயே பதம் போய்விடும். நான் தட்டையைப் பலமுறை வீட்டிலேயே இப்படிக் கட்டிப் பார்த்திருக்கிறேன். கடலைப்பருப்பு ஊறவைத்துச் சேர்த்த, சற்றுக் கனமான தட்டையே ஈரத்தைத் தாங்குகிறது.

யாழ்ப்பாணத்துத் தோழி வீட்டில் தேநீரில் சர்க்கரை போடாமல் கையில் வெல்லத்துண்டு கொடுத்தார்கள். எப்படிக் குடிப்பது என்றே தெரியவில்லை.

அவர்கள் கொடுத்தது பனங்கட்டியாக இருக்கும். அதில் ஒரு சிறு துண்டைக் கடித்து வாயில் அடக்கிக்கொண்டு, பால் சேர்க்காத வெறுந்தேநீரை ஒவ்வொரு மிடறாகப் பருக வேண்டும். சர்க்கரை கலந்த தேநீர் முதல் மிடறு முதல் கடைசி மிடறு வரை ஒரே சுவையில் இருக்கும். இங்கே ஒவ்வொரு மிடறும் கசப்பில் தொடங்கி இனிப்பில் முடிகிறது, பனையின் மணமும் தனியாகத் தெரிகிறது. தெவிட்டுதலைப் பற்றிச் சொன்னதை இங்கேயும் நினைத்துக்கொள்ளலாம். இலங்கையில் வெங்காயத்தை மிளகாயோடும் சீனியோடும் சுருள வதக்கிச் சீனிச் சம்பல் செய்து, அதைப் பணிசு என்று அவர்கள் சொல்லும் பன்னுக்குள் வைத்தும் உண்கிறார்கள். இனிப்பான வெங்காயமா என்று தயங்காமல் ஒருமுறை சுவைத்துப் பாருங்கள்.

பாலும் வாழைப்பழமும் சேரக்கூடாதுன்னு சொல்றாங்க. ஆனா கல்யாணத்துல முதல்ல கொடுக்கிறதே அதானே?

ஆயுர்வேத மரபில் பாலோடு பழங்களைச் சேர்ப்பது முரண்பட்ட உணவாகச் சொல்லப்படுகிறது. நம் திருமணங்களிலோ மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுப்பது மங்கலச் சடங்காக இருக்கிறது. இரண்டு மரபுகளும் அருகருகே வாழ்ந்து வந்திருக்கின்றன. பழத்தின் புளிப்பால் பால் வயிற்றில் திரிந்துவிடும் என்பதே பலருடைய அச்சம். எதையும் சேர்க்காமல் குடித்தாலும் இரைப்பையின் அமிலத்தில் பால் திரியத்தான் செய்யும், செரிமானத்தின் முதல் படியே அதுதான்.

இதைச் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று சொல்பவர்களும் பொய் சொல்லவில்லை. பெரியவர்களில் பலருக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்திருக்கும். அவர்களுக்குப் பால் மட்டும் குடித்தாலும் உப்புசம் வரும். சில நாள் பாலைத் தனியாகவும் பழத்தைத் தனியாகவும் உண்டு பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

தேனும் நெய்யும் சம அளவு சேர்ந்தா விஷம்னு பாட்டி சொன்னாங்க. அப்போ பஞ்சாமிர்தம்?

சம அளவு என்பதே பாட்டி சொன்னதன் மையம், ஆயுர்வேதமும் அதைத்தான் விலக்குகிறது. இரண்டையும் கலப்பதால் புதிய நஞ்சு எதுவும் உண்டாவதில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் சர்க்கரையுமே பெரும்பகுதி, நெய்யும் தேனும் அவற்றோடு சேர்பவை. தேனைப் பற்றி நான் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் எச்சரிக்கை வேறு ஒன்று. ஒரு வயது நிறையாத குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுத் தேன்கூடத் தடவாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் அவ்வளவு சிறிய குடலில் முளைத்து, உயிருக்கு ஆபத்தான நச்சை உண்டாக்கக்கூடும். பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருப்பதால்தான் இதைக் கேட்காமலே சொல்கிறேன்.

மீன் குழம்பு சாப்பிட்டுட்டுத் தயிர் ஊத்திக்கிட்டா வெண்புள்ளி வருமா?

வராது. வெண்புள்ளி என்பது உடலின் எதிர்ப்பாற்றல் தோலின் நிறமிச் செல்களையே தாக்குவதால் ஏற்படுகிறது, அது தொற்றும் அன்று. வங்காளிகள் தயிரிலேயே மீனை வேகவைத்துத் தோய் மாச் என்று விருந்துகளில் பரிமாறுகிறார்கள்.

மீன் சாப்பிட்ட சற்று நேரத்தில் உடல் சிவந்து தடித்து அரித்ததாகச் சிலர் சொல்வதுண்டு. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸில் வைக்காமல் விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகிவிடும், அதன் பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அந்த மீனை உண்டவருக்கு அரிப்பு வந்து, அன்று தயிரும் சாப்பிட்டிருந்தால் பழி தயிர் மீது விழுந்துவிடும். மீன் வாங்கும்போது காட்டும் கவனமே இங்கு உதவும். மீனே ஒவ்வாமை தருகிறது என்றாலோ, மூச்சுத்திணறல் வந்தாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டா இஞ்சி சேர்க்கக் கூடாதாமே?

அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. நஞ்சு இஞ்சியில் இல்லை, கிழங்கிலேயே இருக்கிறது. பச்சை மரவள்ளியில் சயனைடை வெளியிடும் பொருள் உண்டு, கசப்பு வகைகளில் அது அதிகம். தோலைத் தடிமனாகச் சீவி, நறுக்கி நீரில் ஊறவைத்து, நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் இஞ்சியை மட்டும் விலக்கிப் பயனில்லை. கசக்கும் கிழங்கைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

எனக்குப் பச்சரிசி மெல்லாம இருக்க முடியல. சின்ன வயசுல பல்பம் தின்னேன், இப்போ ஐஸ்கட்டி. யார்கிட்டயும் சொல்லல.

என்னிடம் சொன்னதற்கு நன்றி. இதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், எல்லோரும் வெட்கத்தோடுதான் கேட்டார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இதுவரை சொன்ன சேர்க்கைகளெல்லாம் நாக்கின் விருப்பம். பச்சரிசி, பல்பம், சாம்பல், திருநீறு, செங்கல் தூள், மண், ஐஸ்கட்டி ஆகியவற்றை அடக்க முடியாமல் தேடுவது உடல் அனுப்பும் செய்தியாக இருக்கக்கூடும். இரும்புச்சத்துக் குறைவோடு இந்தப் பழக்கத்துக்கு, குறிப்பாக ஐஸ்கட்டி மெல்லுவதற்கு, நெருங்கிய தொடர்பு உண்டு. குறை சரியானதும் பலருக்கு அந்த ஆசை தானாகவே நின்றுவிடுகிறது.

கருவுற்ற பெண்கள் மண்ணை விரும்பி உண்பது புறநானூற்றின் 20ஆம் பாடலிலேயே வருகிறது. ஒரு சேர மன்னனின் நாட்டு மண்ணை அத்தகைய பெண்கள் வேட்கையால் உண்பார்களே அன்றிப் பகைவர் கைக்கொள்ள முடியாது என்று அவனைப் புகழ்கிறது அந்தப் பாடல். அத்தனை பழமையான ஆசை இது. ஆனாலும் மண்ணில் குடற்புழுக்களின் முட்டைகளும், சில மண்களில் ஈயமும் இருக்கக்கூடும் என்பதால், மசக்கை என்று விட்டுவிடாமல் மகப்பேற்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

மற்றவர்களும் இரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் ஆகிய இரண்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம் என்பதால் இரண்டாவதைக் கேட்டு வாங்குவது நல்லது. மிக்சர் கேள்வியில் பாராட்டிய தேநீரை இங்கே சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். அதன் துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்பைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுப்பதால், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவை இரும்பு உறிஞ்சப்படுவதற்கு உதவும்.

அம்மாவுக்கு எழுபது வயசு. இப்போ திடீர்னு குழம்புக்குக்கூடச் சர்க்கரை கேட்குறாங்க. வயசானா இப்படித்தானா?

வயது ஏறும்போது மோப்பத் திறன் குறையும். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மணம் என்பதால், உணவு சப்பென்று ஆகி, எளிதில் உணரக்கூடிய இனிப்பையோ உப்பையோ கூடுதலாகக் கேட்பார்கள். வாயை உலர்த்தும் மாத்திரைகளும் சுவையை மாற்றும் மாத்திரைகளும் உண்டு. ஆனால் நீங்கள் திடீரென்று என்று சொல்லியிருப்பதால், இதை வயதின் மேல் போட்டுவிட்டு இருந்துவிட வேண்டாம். சிலவகை மறதி நோய்களில், மறதி வெளிப்படுவதற்கு முன்பே குணமாற்றத்தோடு இனிப்பின் மீது அடங்காத ஆசை தோன்றுவதும் உண்டு.

எந்த மாதத்திலிருந்து இப்படிக் கேட்கிறார், அதற்கு முன் எந்த மாத்திரை புதிதாகச் சேர்ந்தது, பேச்சிலோ பழகும் விதத்திலோ மாற்றம் தெரிகிறதா என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள், எல்லோர் முன்னும் சொல்லிச் சிரிக்கவும் வேண்டாம். குழம்பில் வறுத்து அரைத்த மல்லியையும் கறிவேப்பிலையையும் கூட்டி, பரிமாறும் நேரத்தில் தாளித்து, மணம் அடங்கும் முன் சூடாக அவருக்கு முதலில் பரிமாறுங்கள்.